கண்ணை மூடிய களம்

"கண்ண மூடுங்க. மூச்சு உள்ளே போறத, வெளியே வர்றத மட்டும் கவனிங்க" என்றாள் சென்னையிலிருந்து பயிற்சி கொடுக்க வந்திருந்த சுபஸ்ரீ. ஜவ்வரிசி ஆலையின் மேற்பார்வையாளர்கள் நாங்கள் மூடினோம். நான் ஒரு கண்ணைத்தான் மூடினேன். திருக்கோவிலூர் தானிய மண்டியில் வளர்ந்தவன். இரண்டையும் மூடினால் எடை குறையும் என்பது எங்கள் வீட்டு வேதம். திறந்த கண்ணில் காசியம்மாள் பட்டாள். உலர்களத்தில் ஒரு பாதி என் பொறுப்பு, மறுபாதி அவளுடையது. உதட்டோரம் சிரிப்போடு மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு வயிறு எரிந்தது.

சிடுசிடுப்பவரிடம் வேலை செய்தால் உடம்பு கெடும், நலம் விசாரிப்பவரிடம் தேறும் என்று விளக்கிய சுபஸ்ரீ, "வேலையத் தவிர ஆளுங்ககிட்ட வேற ஏதாவது கேட்டிருக்கீங்களா?" என்றாள்.

"பாப்பாத்திக்கு முட்டி வலி ஜாஸ்தியாயிடுச்சிங்க. தெனம் கேட்டுக்கினு இருக்கேன்" என்றாள் காசியம்மாள்.

பாப்பாத்தி என் பக்கத்துக் களத்தில் வேலை செய்பவள்!

வெள்ளிக்கிழமை களத்தைப் பார்த்துவிட்டு எங்கள் இருவரில் ஒருவரைத் தலைமை மேற்பார்வையாளர் ஆக்குவதாக முதலாளி நாராயணசாமி சொல்லியிருந்தார். இட ஒதுக்கீட்டு மறியலில் கல்வராயன் மலை மரவள்ளிக் கிழங்கு லாரிகள் வழியிலேயே நின்றுபோன டிசம்பர் அது. களத்தில் காய்ந்தது கடைசிச் சரக்கு.

வெள்ளிக்கிழமை, முதலாளியின் கார் வரும் நேரம் பார்த்து என் ஆட்களை வரிசையாகக் களத்தோரம் உட்கார வைத்தேன்.

"நான் சொல்ற வரிக்கும் கண்ண தொறக்கக் கூடாது. தொறந்தா நாளைக்கு வூட்லயே இருந்துக்கோ."

"இன்னாத்துக்குங்க இது?" என்றான் பூமாலை.

"உன் ஒடம்புக்குத்தான்டா. மூடு!"

வாங்க வருகிறவன் முகத்தைப் பார்த்தே பழகியவன் நான். காரையே பார்த்துக்கொண்டிருந்தேன், வானத்தைப் பார்க்கவில்லை. மழை சடசடவென்று கொட்டியது.

"இன்னாடி பாத்துக்கினு நிக்கிறீங்க? அண்ணன் பக்கத்தையும் மூடுங்கடி!" காசியம்மாள் குரல் கொடுத்தாள். அவளிடம் வேலை செய்யும் பெண்கள் தார்ப்பாயை இழுத்துக்கொண்டு என் களத்தில் ஓடினார்கள். சரக்கு தப்பியது. என் ஆட்கள் அசையவில்லை. ஒருவரும் கண் திறக்கவில்லை. காரருகே முதலாளியும் சுபஸ்ரீயும் குடைக்குள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

காசியம்மாள் என்னருகே வந்து, அவர்களுக்குக் கேட்காதபடி சொன்னாள்: "நான் கூப்ட்டா ஏந்திரிக்க மாட்டேங்கறாங்க. நீங்களே ஒரு வார்த்த சொல்லிடுங்கண்ணே."

அந்தத் தணிந்த குரல் எனக்கு எங்கிருந்து வரும்? வாயைத் திறந்தேன், அதட்டல்தான் தொண்டையில் நின்றது. வரிசையின் கடைசியில் ஒருத்தி, கண்ணை இறுக்க மூடியபடியே கையால் துழாவி, பக்கத்தில் இருந்தவளின் தலைக்கு மேல் தன் முந்தானையை விரித்துப் பிடித்தாள்.