பாவசங்கீர்த்தனத்துக்கு வெளியே

பள்ளிக்கூடத்தில் அவருக்கு வட்டச்சாமி என்று பட்டப்பெயர். காம்பஸ் இல்லாமல் கரும்பலகையில் ஒரே இழுப்பில் வட்டம் போடுவார். தொடங்கிய இடத்திலேயே வந்து முடியும். கணக்கு வாத்தியாரும் அவர்தான், பக்கத்து மாதா கோயிலில் காலைப் பூசை வைக்கும் குருவும் அவர்தான். விடையை மட்டும் எழுதி வழிமுறையை விட்டுவிட்டால் முட்டை போட்டுவிடுவார். விடை எனக்கும் தெரியும், நீ எந்த வழியாக வந்தாய் என்று காட்டு என்பார். வாத்தியாராக அவரைக் குறை சொல்ல ஆள் கிடையாது. அண்ணனாகக் குறை சொல்ல ஒரு தங்கை இருந்தாள். பாவம், அவளும் சொல்லவில்லை.

அவர் குருப்பட்டம் வாங்கிய அன்றே அம்மா வீட்டில் ஒரு சட்டம் போட்டுவிட்டாள். இனி யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடாது, சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். பெற்றவளே அப்படித்தான் கூப்பிட்டாள். சாப்பிட உட்கார்ந்தால் மற்றவர்களுக்கு ஸ்டூல், அவருக்குக் கைப்பிடி வைத்த நாற்காலி. முதல் தடவை அந்த நாற்காலியில் அவர் கொஞ்சம் மிதப்பாகத்தான் உட்கார்ந்தார். சொந்த வீட்டில் விருந்தாளியாகிவிட்டோம் என்று உறைத்தபோது நாற்காலி பழகிப்போயிருந்தது. தங்கையும் அண்ணா என்ற சொல்லை மறந்துவிட்டாள், அல்லது மறந்த மாதிரி இருந்தாள்.

தங்கையின் மகள் மட்டும் அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்படவில்லை. சாமி கோயிலில் இருக்கிறார், இது என் மாமா என்று சொல்லிவிட்டு, வெள்ளை அங்கியைப் பிடித்துக்கொண்டு அவர் முதுகில் ஏறுவாள். அந்த 'மாமா'வைக் கேட்பதற்காகவே அவர் விடுமுறைக்கு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். வாய்விட்டுச் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

வளர்ந்த பெண், ஏற்கெனவே மணமுறிவு ஆன ஒருவரை, கோயிலில் கட்டிவைக்க மாட்டார்கள் என்பதால், பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். சாமியார் பிறந்த வீட்டில் இப்படி ஒன்றா என்று தங்கை குதித்தாள். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம் அவள். மகள் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவாள். பெற்ற மனம் பித்து என்பார்கள். இந்த வீட்டில் அது கல்லாகத்தான் இருந்தது, வெளியில் இருந்து பார்த்தவரை. தன் அங்கிதான் அந்தக் கல்லுக்குப் பாதி கனம் என்று அவருக்குத் தெரியும். இருந்தும் மருமகளுக்காக ஒரு வார்த்தை பரிந்து பேசவில்லை. ஆற அமரப் பேசிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார்.

பிறகு தங்கைக்கு ஈரல் கெட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கணவன் முன்பே இறந்துபோயிருந்தான். பக்கத்து வீட்டுப் பெண்தான் துணைக்கு இருந்தாள். மகளுக்குச் சொல்லக்கூடாது என்று தங்கை கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

ஆண்டுத் தேர்வு நடந்துகொண்டிருந்த நாளில், காலைத் தேர்வுக்கும் மதியத் தேர்வுக்கும் நடுவில் அவர் அவளைப் பார்க்கப் போனார். மருந்து வாடை அடிக்கும் அறை, இரும்புக் கட்டில், சொட்டுச் சொட்டாக இறங்கும் குளுக்கோஸ். பக்கத்து வீட்டுப் பெண் வெந்நீர் பிடிக்க வெளியே போனாள். தங்கை அவர் பக்கம் தலையைத் திருப்பினாள்.

"அண்ணா, உன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்."

இத்தனை வருஷத்துக்குப் பிறகு அண்ணா என்று ஒரு சொல் வருகிறது, நீங்கள் போய் நீ வருகிறது. காதுள்ள எவனும் கட்டிலில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டிருப்பான். ஆனால் சாகக் கிடக்கும் ஒருவர் 'சொல்லணும்' என்றால் ஒரு குருவின் கை எங்கே போகும்? தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும். அவர் கை அங்கிப் பைக்குள் போய், நான்காக மடித்த ஊதா ஸ்டோலை எடுத்து, முத்தமிட்டுக் கழுத்தில் போட்டுக்கொண்டது. பாவசங்கீர்த்தனம் கேட்கும்போது போடுகிற துணி அது.

"கடைசியா எப்ப பாவசங்கீர்த்தனம் செஞ்சம்மா?" என்று கேட்டார்.

அவள் ஸ்டோலைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, "என்னை ஆசீர்வதியுங்க சாமி, நான் பாவி" என்று ஆரம்பித்தாள்.

அதற்கப்புறம் அவள் சொன்னதைத் தலையை வெட்டினாலும் அவர் வெளியில் சொல்ல முடியாது. கதை சொல்கிறவனுக்கு அந்தக் கட்டு இல்லை, நான் சொல்லிவிடுகிறேன்.

"அவ ஒரு தடவை வந்தா சாமி. மத்தியான வெயில்ல, கைக்குழந்தையோட. நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்னேன். தாழ்ப்பாள்ல கையும் வச்சுட்டேன், திறக்கல. குழந்தை அழுதது கேட்டுச்சு. வீம்பு, வேற ஒண்ணுமில்ல. இப்பவும் தூக்கத்துல கை தாழ்ப்பாளைத் தேடுது. அவளை ஒரு தடவை பார்த்துட்டா போதும்."

அவர் பாவமன்னிப்பு வழங்கினார், மூன்று செபம் அபராதமாகக் கொடுத்தார், நோயாளிக்குப் பூசும் எண்ணெயையும் பூசினார். ஒன்றும் விட்டுப்போகவில்லை. ஸ்டோலை மடித்துப் பைக்குள் வைத்தபோது அவள் மறுபடியும் வாயைத் திறந்தாள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வினாத்தாள் கட்டைப் பிரிக்க அவர்தான் போயாக வேண்டும். நாளைக்கு வருகிறேன், நிதானமாகப் பேசலாம் என்றார்.

"சரி சாமி, நாளைக்கு" என்றாள் அவள்.

தேர்வறையில் பெஞ்சுகளுக்கு நடுவே நடந்தபோதுதான் அவருக்கு உறைத்தது. அவள் பாவத்தைச் சொல்ல வரவில்லை, சேதியைச் சொல்ல வந்தாள். மகளிடம் சொல்லிவிடு என்று அண்ணனிடம் கேட்க வந்தவளை முழங்காலில் நிறுத்திவிட்டோமே என்று மனசு அடித்துக்கொண்டது. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை, அதைச் சொன்னவரே அனுமதித்தால், வெளியில் சொல்லலாம். நாளைக்கு ஸ்டோல் இல்லாமல் போவோம், ஸ்டூலில் உட்காருவோம், சொல்லட்டுமா என்று கேட்போம் என்று முடிவு செய்தார். அவள் நாளை வரை இருக்கவில்லை. விடிவதற்குள் போய்விட்டாள்.

மருமகளுக்கு அவரே போன் செய்து சாவைச் சொன்னார். அதற்கு முன், குருமடத்தில் தனக்குத் திருச்சபைச் சட்டம் சொல்லிக்கொடுத்த கிழவருக்குப் போன் போட்டு, யார் என்ன என்று சொல்லாமல் பொதுவாகக் கேட்டுப் பார்த்தார்.

"அந்த ஆள் அனுமதி கொடுத்தா தாராளமா சொல்லலாம்" என்றார் கிழவர்.

"ஆள் இப்ப இல்ல ஃபாதர்."

"அப்ப அது உன்னோட குழிக்குள்ள வரும். கோடி காட்டினாலும் உடைச்சதுதான், ஞாபகம் வச்சுக்கோ."

அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு மருமகள் பள்ளிக்கூடத்துப் பார்வையாளர் அறைக்கு வந்தாள். கூடவே அவள் மகன். மேசைமேல் பாதி திருத்திய விடைத்தாள்கள் கிடந்தன. உட்காரச் சொன்னார், அவள் நின்றுகொண்டே பேசினாள். ஒருநாள் குழந்தையோடு வந்து கதவைத் தட்டியதையும், யாரும் திறக்காததையும், அம்மா உள்ளே இருந்தாளா இல்லையா என்று இன்றுவரை தெரியாததையும் சொன்னாள். கடைசியாக அம்மாவோடு பேசியவர் நீங்கள்தானே என்றாள்.

"என்னைப் பத்தி ஏதாவது சொன்னாங்களா மாமா?"

பாவசங்கீர்த்தனம் செய்தாள், அமைதியாகப் போனாள் என்றார். எல்லா அடக்கத்திலும் சொல்வதுதான். சொன்ன அவருக்கே கூசியது.

"அதுல என்ன சொன்னாங்கன்னு நான் கேட்கல. அதை நீங்க சொல்ல முடியாதுன்னு எனக்குத் தெரியும். அதுக்கு வெளிய, ஒரு தங்கச்சி அண்ணன்கிட்ட பேசற மாதிரி, ஒரே ஒரு வார்த்தை?"

அவர் தேடிப் பார்த்தார். ஸ்டோலுக்கு முன்னால், 'ஒரு விஷயம் சொல்லணும்.' ஸ்டோலுக்குப் பின்னால், 'நாளைக்கு.' முன்னதைச் சொன்னால், என்ன விஷயம் என்று அடுத்த நொடியே கேட்பாள். அவள் கெட்டிக்காரி, அவர் முகத்திலேயே படித்துவிடுவாள். மேசைமேல் கிடந்த விடைத்தாள்களை அடுக்கி நேராக்கினார்.

"இல்லம்மா. வெளிய ஒண்ணும் சொல்லல."

அது உண்மை. வழிமுறை அத்தனையும் சரியாக இருந்தும் விடை தப்பாக வந்த கணக்கு ஒன்றை அவர் அன்றுதான் பார்த்தார். அவள் அழவில்லை. எதிர்பார்த்ததுதான் என்பதுபோல் தலையை ஆட்டிவிட்டு, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, மகன் கையைப் பிடித்தாள்.

"வரேன் ஃபாதர்."

வாசலில் சிறுவன் திரும்பிப் பார்த்து, இது யாரும்மா என்று கேட்டான்.

"சாமிடா. கும்பிட்டுக்கோ."

அவன் சின்னக் கைகளைக் குவித்தான். அவனை மடியில் தூக்கி உட்காரவைத்து, நான் உனக்குத் தாத்தாடா என்று சொல்லத்தான் அவர் வாயெடுத்தார். அதற்குள் வலது கை தானாகவே உயர்ந்து, காற்றில் சிலுவை போட்டு ஆசீர்வதித்துவிட்டது.