அம்புக்குறிக்குத் தெரியாத வளைவு

பாக்கியலட்சுமி நாற்பத்தாறாவது வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். மைசூரில் ஒரு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் அவள் மேற்பார்வையாளர். அவள் கணவன் சித்தையன் இருபத்தாறு வருஷம் லாரி ஓட்டியவன். குண்டலுபேட்டை வழியாகக் கேரளாவுக்குக் காய்கறி ஏற்றிப்போகும் லாரி. இருவருக்கும் சொந்த ஊர் ஹனூர்ப் பக்கம். கல்யாணமான புதிதில் மைசூருக்கு வந்தவர்கள் இங்கேயே தங்கிவிட்டார்கள்.

போன தை மாதம் அவர்கள் வாங்கிய முதல் காரில், வேகம் காட்டும் முள்ளுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பச்சை அம்புக்குறி இருந்தது. எந்த நேரத்தில் எந்த கியருக்கு மாற்றினால் பெட்ரோல் குறைவாகச் செலவாகும் என்று அது எண்ணோடு காட்டும். சித்தையனுக்கு அதைக் கண்டாலே ஆகவில்லை. இன்ஜின் சத்தத்தைக் கேட்டு கியர் போட்டுப் பழகியவனுக்கு ஒரு விளக்கு வந்து பாடம் சொல்வதா என்று ரோஷம். முதல் வாரமே அந்த இடத்தில் ஒரு மஞ்சள் ஸ்டிக்கரை ஒட்டி மறைத்தான். பாக்கியலட்சுமி மறுநாள் காலை அதை உரித்துப் போட்டாள். புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதன்படி ஓட்டுகிறவள் அவள். இதை வைத்து வீட்டில் தினமும் ஒரு சின்னச் சண்டை நடந்தது.

அப்போதுதான் நகரத்துக் கார்ப் பிரியர்கள் சிலர் சேர்ந்து ஒரு ஓட்டம் அறிவித்தார்கள். வேகப் போட்டி அல்ல. மைசூரிலிருந்து மேல்கோட்டை வரை போய்த் திரும்ப வேண்டும். யார் கார் குறைவாகப் பெட்ரோல் குடிக்கிறதோ அவருக்குப் பரிசு. சித்தையன் ஆசையோடு பெயர் கொடுக்கச் சொன்னான். பாக்கியலட்சுமி கொடுத்தாள். ஓட்டுநர் என்ற இடத்தில் தன் பெயரையும், உடன் வருபவர் என்ற இடத்தில் அவன் பெயரையும் எழுதிக் கொடுத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு பெட்ரோல் பங்கில் பதினான்கு கார்கள் நின்றன. எல்லாவற்றிலும் விளிம்பு வரை நிரப்பி, மூடிக்கு மேல் காகிதம் ஒட்டிக் கையெழுத்துப் போட்டார்கள். ஒவ்வொரு காரின் பின் சீட்டிலும் ஒரு கண்காணிப்பாளர். இவர்கள் காருக்கு வந்தவள் சம்யுக்தா, கல்லூரியில் கணக்குப் பாடம் நடத்துகிறவள், பூர்வீகம் மேல்கோட்டை. சரிவில் கியரைக் கழற்றிவிட்டு உருட்டக் கூடாது, உடன் வருபவர் ஓட்டுவதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது, திறந்தால் ஒவ்வொரு தடவையும் ஐந்து மதிப்பெண் போகும் என்று அவள் நிதானமாக விளக்கினாள். சித்தையன் தலையாட்டினான். இருபத்திரண்டு வருஷத் தாம்பத்தியத்தில் மனைவி ஓட்ட அவன் இடது பக்கம் உட்கார்ந்து வருவது அதுதான் முதல் தடவை.

ஸ்ரீரங்கப்பட்டணம் தாண்டும்வரை அவன் ஜன்னலுக்கு வெளியே கரும்பைப் பார்த்துக்கொண்டு வந்தான். பாக்கியலட்சுமி அம்புக்குறி எழும்போதெல்லாம் மாற்றினாள். ஐம்பதைத் தொட்டதும் ஐந்தாவது கியர். இவ்வளவு சீக்கிரம் ஐந்துக்குப் போனால் வண்டி திணறும் என்று அவன் எதிர்பார்த்தான். திணறவில்லை. சமதளத்தில் வெண்ணெய் மாதிரி போனது. லாரியில் சுமையோடு பழகிய காது இந்தக் காருக்குத் தேவையில்லாமல் கீழ் கியரைக் கேட்டுக்கொண்டிருந்தது என்று அவனுக்கு முதன்முதலாகத் தோன்றியது. ஆனாலும் அவன் இடது கால் சும்மா இருக்கவில்லை. அவள் மாற்றும் ஒவ்வொரு தடவையும் இல்லாத கிளட்ச்சைத் தரையில் மிதித்தது.

சம்யுக்தா எட்டிப் பார்த்தாள். அவர் கால் உங்களுக்குத் தெரிகிறதா என்று பாக்கியலட்சுமியிடம் கேட்டாள். தெரியவில்லை என்றதும், அப்படியானால் பரவாயில்லை என்று சொல்லிவிட்டு நோட்டில் ஏதோ எழுதினாள்.

பாண்டவபுரம் தாண்டி மேல்கோட்டை மலை தொடங்கியது. முதல் ஏற்றத்தில் பாக்கியலட்சுமி இரண்டாவது கியரில் ஏறினாள். நடுவில் கொஞ்சம் சமமான இடம் வந்து வண்டி வேகம் பிடித்ததும் அம்புக்குறி எழுந்து மூன்று என்றது. அவள் மூன்றுக்கு மாற்றினாள். அடுத்த நொடி வளைவு, வளைவுக்குப் பின்னால் செங்குத்து. கார் உதறியது, ஸ்டியரிங் கையில் நடுங்கியது. பின்னால் வந்த பஸ் விடாமல் ஹாரன் அடித்தது. அம்புக்குறி இப்போது கீழே திரும்பி இரண்டு என்றது, ஆனால் அதற்குள் இன்ஜின் நின்றுவிட்டது.

சித்தையன் வாய் திறந்து, மூடிக்கொண்டான். இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டான்.

பாக்கியலட்சுமி கைப்பிரேக்கை இழுத்தாள். பஸ்காரனைக் கண்ணாடியில் ஒரு தடவை பார்த்துவிட்டு, முதல் கியரில் மெதுவாகக் கிளப்பினாள். கார் பின்னால் ஒரு அங்குலம்கூடப் போகாமல் ஏறியது.

இரண்டாவதுக்கு மாற்றி அடுத்த சமதளத்துக்கு வந்ததும் மறுபடியும் அம்புக்குறி எழுந்து மூன்று என்றது. அவள் அதைப் பார்த்தாள். மேலே மரங்களுக்கு நடுவே சாலை திரும்புவதையும் பார்த்தாள். இன்ஜின் இரைவதைக் கேட்டுக்கொண்டே கியரைத் தொடாமல் விட்டாள். பச்சை விளக்கு எரிந்தபடியே இருந்தது. வளைவில் கார் இரண்டாவது கியரில் சுகமாக ஏறிப் போனது. மூன்றாவது வளைவிலும் அப்படியே செய்தாள். சித்தையனின் கால் அசையவே இல்லை.

மேலே போய் வண்டியை நிறுத்தியதும் சம்யுக்தா நோட்டை மூடி, இப்போது பேசலாம் என்று அவனுக்கு அனுமதி கொடுத்தாள். ஐம்பது கிலோமீட்டராக அடைத்து வைத்திருந்த அத்தனையும் கொட்டும் என்று பாக்கியலட்சுமி காத்திருந்தாள்.

அவன் கேட்டது ஒன்றுதான். "ஏம் புள்ள, அங்க அம்பு மேல காட்டுச்சே, ஏன் மாத்தல?"

"அது சக்கரத்துக்கு அடியில இருக்கற ரோட்டத்தானுங்க பாக்குது," என்றாள் அவள். "முன்னால வர்ற திருப்பம் அதுக்கு எப்படித் தெரியும்? அத நாமதான் பாக்கோணும்."

சித்தையன், கீழே நேர்ரோட்டில் அது சொன்னது எல்லாம் சரிதான் என்று, யாரும் கேட்காமலே ஒப்புக்கொண்டான். அதைச் சொல்லும்போது அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பாக்கியலட்சுமியும் சிரித்தாள். சம்யுக்தா அவர்களைத் தனக்குத் தெரிந்த ஒரு வீட்டுக்கு அழைத்துப் போய் இலை போட்டுப் புளியோதரை வாங்கிக் கொடுத்தாள். சித்தையன் மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

திரும்பி வந்து அதே பங்கில் மறுபடி விளிம்பு வரை நிரப்பினார்கள். லிட்டருக்கு இருபத்து மூன்று கிலோமீட்டருக்கு மேல் வந்திருந்தது. முதல் பரிசு ஒரு ஓய்வுபெற்ற தபால்காரருக்கு; அவர் காரில் அம்புக்குறியே கிடையாது. பாக்கியலட்சுமிக்கு இரண்டாம் பரிசு. மலையில் இன்ஜின் நின்றிருக்காவிட்டால் முதலிடம் என்று சித்தையன் நடுவர்களிடம் வாதாடினான். இப்போது பேசத் தடையில்லை என்பதால் அரைமணி நேரம் வாதாடினான். பிறகு தன் பழைய லாரி நண்பர் குப்புசாமியை போனில் கூப்பிட்டு, நின்றுபோன வண்டியை ஏற்றத்தில் அங்குலம் சறுக்காமல் அவள் கிளப்பியதை ஆரம்பத்திலிருந்து சொன்னான். தன்னைப் பற்றி அவன் இப்படிப் புகழ்ந்து பேசி பாக்கியலட்சுமி கேட்டதில்லை. அவள் நகர்ந்து போவதுபோல் போய், காது கேட்கும் தூரத்திலேயே நின்றாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கொள்ளேகாலத்தில் இருக்கும் தங்கை காவேரிக்குப் போன் செய்தாள். அடுத்த ஞாயிறு மாதேஸ்வரன் மலைக்குப் போவதாகவும், வழியில் அவளையும் ஏற்றிக்கொள்வதாகவும், பஸ்ஸுக்கு நிற்க வேண்டாம் என்றும் சொன்னாள். மச்சான்தானே ஓட்டுவார் என்று தங்கை கேட்டாள்.

"இல்ல," என்றாள் பாக்கியலட்சுமி. "அவரு பின்னால உன்கூட உக்காந்து வருவாரு. நல்லாப் பேசிட்டு வரட்டும்."