துரை தூளி

கறுப்பையா துரைக்குச் சமைத்துப் போடுகிறவன்தான். ஆனால் சாமான் வாங்கக் கண்டிக்குப் போகும் நாளில் அவனைப் பார்த்தால் மடுல்கெல்லை மலை முழுவதும் அவன் பேரில்தான் இருக்கிறது என்று நினைக்கத் தோன்றும். மஹ்மூதின் கடையில் அன்று அவன் நின்றதும் அந்தத் தோரணையில்தான். மேலே புதுக் கோப்பித் தோட்டத்துக்குக் காடு வெட்டப் போகிறார்கள், வெட்டு முடியும்வரை துரை காட்டுக்குள்ளேயே தங்கப் போகிறார், அவரோடு இன்னொரு துரையும் வருகிறார், ஆளுக்கொரு தொங்கு படுக்கை வேண்டும், இருப்பதில் நல்லதாக எடுத்துப் போடுங்கள் என்றான்.

துரைமார் அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர் சொன்னார்கள். இரண்டு மரத்துக்கு நடுவே துணியைக் கட்டித் தொங்கவிட்டு அதில் ஒருவன் படுத்தால் அது பிள்ளைத் தூளி இல்லாமல் வேறென்ன? தோட்டத்து ஆட்கள் அதற்குத் துரை தூளி என்று பெயர் வைத்துச் சிரித்தார்கள். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். ஈரத் தரையில் படுத்து இரவெல்லாம் அட்டைக்கு இரத்தம் கொடுத்தவனுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

கடையில் மூன்று விதம் இருந்தது. மஹ்மூத் வியாபாரி என்றாலும் ஆகாததைத் தலையில் கட்டுகிற ஆள் இல்லை. கறுப்பையா முதலில் தொட்ட கயிற்று வலையை அவரே ஒதுக்கித் தள்ளினார்.

"இது கடலோரத்துக்குச் சரி தம்பி. ஒங்கட மலையில கீழால காத்து வரும். விடியக்குள்ள முதுகு வெறச்சிப் போகும்" என்றார்.

இரு முனையிலும் கட்டை வைத்து விரித்திருந்த ஒன்று பார்க்கக் கட்டில் போல அழகாக இருந்தது. புரண்டால் ஆளைக் கவிழ்த்துவிடும் என்று அதையும் வேண்டாம் என்றார். கடைசியில் கப்பல்காரர்கள் படுக்கிற முரட்டுக் கித்தான் தூளி இரண்டை எடுத்து விரித்துக் காட்டினார். விறைப்பாக இழுத்துக் கட்டக் கூடாது, தொய்வாகக் கட்ட வேண்டும். நேராகப் படுக்காமல் கொஞ்சம் குறுக்காகப் படுத்தால் முதுகு வளையாது. இருபுறக் கயிற்றிலும் ஒரு துணித்துண்டை முடிந்துவிட்டால் மழைத் தண்ணீர் படுக்கைக்கு வராமல் அதிலேயே சொட்டிவிடும். கயிற்றில் புகையிலைத் தண்ணீர் தடவினால் அட்டை ஏறாது. எல்லாவற்றையும்விட மரத்தைப் பார்த்துக் கட்ட வேண்டும் என்றார் அவர். பட்ட மரம் ஆகாது. நேராக நிற்கிற பச்சை மரமாக இருக்க வேண்டும், இரண்டுக்கும் நடுவே தாராளமாக இடம் இருக்க வேண்டும்.

கறுப்பையா இதெல்லாம் எனக்குத் தெரியாததா என்பதுபோலத் தலையாட்டினான். ஆனால் ஒன்றுவிடாமல் மனத்தில் வாங்கிக்கொண்டான். காட்டுக்கு வந்தபின் அத்தனையும் தானே கண்டுபிடித்ததாக அடுப்படியில் அளந்துகொண்டிருந்தான். அந்த அளப்பை வாயைப் பிளந்து கேட்டவன் ராஜலிங்கம்.

ராஜலிங்கம் பெரியாண்டிக் கங்காணியின் ஆள். கங்காணிக்கு அக்காள் மகன் முறையும் கூட. கறுப்பையாவும் அவனும் ஒரே ஊர்க்காரர்கள். அந்தக் கங்காணியின் பின்னால் ஒன்றாகக் கடல் தாண்டி, ஒன்றாக நடந்து மலையேறியவர்கள். ஒரு துண்டுப் புகையிலை கிடைத்தாலும் பாதி பாதிதான். காட்டுக்கு வந்து கொஞ்ச நாளிலேயே ராஜலிங்கத்தின் கால் அட்டைக்கடியில் புண்ணாகிக் காய்ச்சலும் வந்துவிட்டது. வருவதாகச் சொன்ன இன்னொரு துரை வரவில்லை. அவருக்கு வாங்கிய தூளி பெட்டிக்குள் மடித்தது மடித்தபடி கிடந்தது. பெட்டிச் சாவி கறுப்பையாவிடம் இருந்தது.

நண்பன் சேற்றில் கிடந்து நடுங்க, நல்ல படுக்கை பெட்டியில் கிடக்கிறதே என்று கறுப்பையாவுக்கு மனசு கேட்கவில்லை. ஒருநாள் விடியற்காலையில் துரை கண்விழிக்குமுன் தூளியை எடுத்துப்போய், வெட்டப் போகிற சரிவுக்கு வெளியே, ஓடைக்கு அந்தப் பக்கம் இரண்டு மரத்தில் கட்டினான். ராஜலிங்கத்தைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய்ப் படுக்கவைத்தான். இன்றைக்கு வேலைக்கு வர வேண்டாம், கங்காணியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றான். அதுவரை அவன் செய்தது எல்லாம் நல்லதுதான். அதை யாரும் இல்லை என்று சொல்ல முடியாது.

அந்தக் காலத்தில் காடு வெட்டுகிற விதத்தையும் சொல்லிவிட வேண்டும். மரத்தை ஒவ்வொன்றாகச் சாய்த்தால் வருஷக் கணக்காகும். அதனால் சரிவில் நிற்கிற மரங்களையெல்லாம் பாதி மட்டும் வெட்டி அப்படியே நிற்க விடுவார்கள். உச்சியில் நிற்கிற பெருமரங்களை மட்டும் கடைசியில் முழுதாக வெட்டுவார்கள். மேலே உள்ளது விழுந்து அடுத்ததைத் தள்ள, அது அதற்கடுத்ததைத் தள்ள, மூச்சு விடுவதற்குள் மலைச்சரிவு மொத்தமும் தரையில் கிடக்கும். ஆகவே கடைசி வெட்டுக்கு முன் ஓர் ஆள்கூடச் சரிவில் இருக்கக் கூடாது. பெரியாண்டிக் கங்காணி எல்லோரையும் ஓரிடத்தில் கூட்டி, சமையல்காரன் உட்பட ஒவ்வொருவர் பேராகக் கூப்பிடுவார். பேருக்குரியவன் குரல் கொடுக்க வேண்டும். எல்லாப் பேருக்கும் குரல் வந்தபின்தான் கையை உயர்த்துவார். உச்சியில் கோடாலி விழும்.

அன்று காலை வேலைக்குப் பேர் கூப்பிட்டபோதே கறுப்பையா கூட்டத்தின் பின்னால் நின்று ராஜலிங்கத்தின் பேருக்கு அவன் குரலில் "இருக்கேன்" என்று சொல்லிவிட்டான். வேலைக்கு வராதவனுக்கு அன்றைய அரிசி கிடையாது. அரிசிக்காகச் சொன்ன சின்னப் பொய். பனிமூட்டத்தில் யார் முகம் யாருக்குத் தெரிகிறது? கங்காணிக்குக் கண் கொஞ்சம் மங்கல். காது மட்டும் கூர்மை. அந்தக் காதை ஏமாற்றிவிட்ட குஷியில் அவன் அடுப்படிக்குப் போனான்.

கடைசி வெட்டு மறுநாள்தான் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். மழை திரண்டு வருவதைப் பார்த்து, மத்தியானமே முடித்துவிடலாம் என்று துரை சொல்லிவிட்டார். மறுபடியும் கூட்டம் கூடியது. கங்காணி பேர் கூப்பிட ஆரம்பித்தார். ராஜலிங்கம் என்றார்.

கறுப்பையாவின் மனசு கணக்குப் போட்டது. இப்போது குரல் வராவிட்டால் காலையில் குரல் கொடுத்தது யார் என்று கேள்வி வரும். பிறகு அவன் எங்கே என்று தேடுவார்கள். துரைக்கு வாங்கிய தூளியில் கூலிக்காரன் படுத்திருப்பதைத் துரை பார்ப்பார். தன் வேலை போகும். தூளி ஓடைக்கு அந்தப் பக்கம்தானே இருக்கிறது, மரம் அங்கே வராதே என்று மனசு சமாதானம் சொன்னது. நண்பனுக்காகச் சொன்னது காலைப் பொய்தான். மத்தியானப் பொய் தனக்காகச் சொன்னது. அது அவனுக்கு அப்போதே தெரியும்.

"இருக்கேன்" என்றான்.

கங்காணி கையை உயர்த்தினார். சற்று நேரத்தில் உச்சியில் ஏதோ முறிந்தது. அப்புறம் மலை சரிகிற சத்தத்தைத் தவிர வேறு எதுவும் கேட்கவில்லை.

தூசி அடங்கியதும் கறுப்பையா ஒரு சட்டியில் கஞ்சியை ஊற்றிக்கொண்டு ஓடைக்குப் போனான். கட்டிய இடத்தில் தூளி இல்லை. மரப்பட்டையில் கயிற்றுத் தழும்பு மட்டும் இருந்தது. மேகம் கூடுமுன் உச்சி வெயில் நேராக அந்த இடத்தில் அடித்திருக்கிறது. காய்ச்சல்காரனுக்கு வெயில் தாங்கவில்லை. நேரான மரம், பச்சை மரம், நடுவே தாராளமான இடம் என்று கறுப்பையா நாள்தோறும் ஓதியது காதில் இருக்க, ராஜலிங்கம் தூளியை அவிழ்த்துக்கொண்டு ஓடையைத் தாண்டி, சரிவின் அடியில் நிழலில் நின்ற இரண்டு அருமையான மரங்களில் கட்டிப் படுத்திருக்கிறான். அன்று காலையில்தான் அவற்றை மேற்புறம் பாதி வெட்டியிருந்தார்கள். ஓடைப் பக்கமிருந்து வந்தவனுக்கு வெட்டு தெரியவில்லை. சுற்றிப் பார்க்கத் தெம்பும் இல்லை.

கித்தானைக் கண்டுதான் கறுப்பையா இடத்தைக் கண்டுபிடித்தான். கிளைகளுக்குள் ராஜலிங்கம் உயிரோடு கிடந்தான். இடது கால் முழங்காலுக்குக் கீழே ஒரு கொம்பின் அடியில் நசுங்கியிருந்தது. கறுப்பையா போட்ட கூச்சலில் எல்லோரும் ஓடி வந்தார்கள். கஞ்சிச் சட்டி எங்கே விழுந்தது என்று அவனுக்குத் தெரியாது.

துரை வந்தார். தூளியைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எதற்குப் பயந்து கறுப்பையா பொய் சொன்னானோ அது நடக்கவேயில்லை. துரையின் கோபமெல்லாம் கங்காணியின் மேல் பாய்ந்தது. பேர் கூப்பிட்டேன், குரல் வந்தது என்று கங்காணி சொல்ல, பேயா குரல் கொடுத்தது என்று துரை கத்தினார். காயம்பட்டவன் ஆஸ்பத்திரியில் வாக்குமூலம் கொடுக்கட்டும், உன்னைக் கண்டி நீதவான் முன்னால் நிறுத்துகிறேன், தூக்க இரண்டு பேர் போதும், மற்றவர்கள் வேலையைப் பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டுக் குதிரையில் முன்னே போய்விட்டார். குரல் கேட்டதாகச் சொல்ல வேறு யாரும் வாய் திறக்கவில்லை. கறுப்பையாவும் திறக்கவில்லை.

காலைத் துணியால் இறுக்கிச் சுற்றி, கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அந்தத் தூளியையே ஒரு நீண்ட கம்பில் கட்டி அதில் ராஜலிங்கத்தைக் கிடத்தினார்கள். முன்பக்கம் கறுப்பையா தோள் கொடுத்தான். பின்பக்கத்தை வேறு யாருக்கும் விடாமல் கங்காணியே எடுத்துக்கொண்டார். அந்த வயதில் அவர் சுமை தூக்கி யாரும் பார்த்ததில்லை.

மழையில் பாதை வழுக்கியது. கறுப்பையா கால் இடறும்போதெல்லாம் தூளிக்குள்ளிருந்து "மெல்ல மச்சான்" என்று முனகல் வரும். அவன் நடையைக் குறைப்பான். கொஞ்ச தூரத்தில் மறுபடியும் "மெல்ல மச்சான்." அந்த மச்சான் ஒவ்வொன்றும் அவன் முதுகில் அடியாக விழுந்தது. முன்னால் நடப்பதால் இரண்டு பேர் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல். அந்த ஆறுதலை நினைத்தும் அவனுக்கு வெட்கமாக இருந்தது.

வத்தேகாமத்துக்கு இறங்கும் வளைவில் ராஜலிங்கம் கேட்டான். "மாமா, என் பேரக் கூப்பிட்டீங்களா?"

கங்காணி கம்பைத் தோள் மாற்றிக்கொண்டார். பிறகு சொன்னார்: "கூப்பிட்டேன்னுதான்டா நெனச்சேன். ஒன் கொரலும் கேட்டுச்சு. இப்ப நெனச்சுப் பாத்தா எனக்கே தெரியல. கண்ணு போன மாதிரி காதும் போயிருச்சு போல. நீ ஆசுபத்திரியில உள்ளதச் சொல்லு. குத்தம் எம்மேலதான்."

சும்மா இருந்தால் போதும். கங்காணியே குற்றத்தை எடுத்துக்கொண்டுவிட்டார். கறுப்பையாவுக்கு அது நன்றாகத் தெரிந்தது. அந்தக் கிழவர் சிறைக்குப் போவார்; தன் காதைத் தானே நம்பாமல் சாவார். தான் துரைக்கு முட்டை பொரித்துக்கொண்டு இருப்பான். 

"கொரல் குடுத்தது நான்தான்" என்றான். "காலையிலயும் நான்தான், மத்தியானமும் நான்தான். இவன் ஓடைக்கு அந்தாண்ட கெடக்கான்னு நெனச்சேன். தூளிய எடுத்துக் குடுத்தது தொரைக்குத் தெரிஞ்சிரும்னு பயந்துட்டேன். நீதவான் முன்னாலயும் இதச் சொல்லிர்றேன்."

கம்பின் பின்பக்கம் நின்றுவிட்டது. 

"அப்ப எனக்குக் கேட்டது நெசம்" என்றார் கங்காணி. திட்டவில்லை. இன்னொரு தரம் அதையே தனக்குள் சொல்லிக்கொண்டார். 

"எறக்குங்க" என்றான் ராஜலிங்கம்.

பாதையோரத்தில் இறக்கினார்கள். ராஜலிங்கம் கையை ஊன்றித் தூளியிலிருந்து உடம்பை நகர்த்தி ஈரத் தரையில் சாய்ந்துகொண்டான். கறுப்பையா தாங்கப் போன கையைத் தள்ளிவிட்டான். வேறு யாராவது வருவார்கள், அவர்களைத் தூக்கச் சொல்லலாம் என்று கங்காணியைப் பார்த்துச் சொன்னான். மூவரும் காத்திருந்தார்கள். மழைக்குப் பயந்து வண்டிக்காரர்கள் எங்கோ ஒதுங்கிவிட்டார்கள் போலும். பாதையில் ஒரு மனித நடமாட்டம் இல்லை. நல்ல காலில் அட்டை ஏறியது. கறுப்பையா குனிந்ததும் ராஜலிங்கம் அதைத் தானே பிய்த்து எறிந்தான். கட்டுத் துணியில் இரத்தம் ஊறிக்கொண்டே இருந்தது. அவன் உதடு வெளுத்துக்கொண்டு வந்தது.

கடைசியில் யாரையும் பார்க்காமல், "தூக்கு" என்றான்.

அடித்திருந்தால் கறுப்பையா வாங்கிக்கொண்டிருப்பான். முகத்தில் உமிழ்ந்திருந்தால் துடைக்காமல் நின்றிருப்பான். வேறு தோள் கிடைக்காததால் தன் தோளை ராஜலிங்கம் ஏற்க வேண்டி வந்ததே, அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. கம்பைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தான். அங்கிருந்து பாதை இன்னும் மோசம். எத்தனையோ இடத்தில் கால் வழுக்கியது, தூளி கல்லில் மோதியது. கண்டி வந்து சேரும்வரை ராஜலிங்கம் ஒரு தரம்கூட மெல்ல என்று சொல்லவில்லை.