சேற்றுக் கால்

பொழுது புலருமுன்பே வயலில் இறங்கியிருந்தாள் ஒத்தையாள். புருஷன் போன பிறகு ஊர் அவளுக்கு வைத்த பெயர் அது. நாற்றைப் பிரிப்பதும் குனிவதும் ஊன்றுவதும் பின்னால் நகர்வதும் அவள் ஒருத்திதான். சேற்றுக் குளிர் காலில் ஏறி இடுப்பில் போய் உட்கார்ந்துகொண்டது. பேச்சுத் துணைக்கு ஆளில்லாமல் நாற்றோடு பேசுவாள்.

"சாயாம நில்லுடி. எனக்கே நிக்கத் தெம்பில்ல."

நிலம் குத்தகை. நேற்று நிலக்காரர் வரப்போரம் வண்டியை நிறுத்தி, இறங்காமலே சொன்னார்: "கட்சி விவசாயிக்கு நடவு மெஷின் குடுக்குது. எனக்கு வருது. இந்தப் போகம் அறுத்ததும் வயலை விட்டுடு. யார்கிட்டயும் சொல்லிட்டுத் திரியாதே."

"விவசாயிக்குன்னா எனக்குத்தானேங்க வரணும்?"

"நிலம் யார் பேர்ல இருக்கோ அவன்தான் விவசாயி. நீ நடறவ, அவ்வளவுதான்."

அந்தப் பேச்சையே நினைத்துக்கொண்டு நாற்றை ஊன்றினாள். வயலும் போய்விட்டால் காலையில் எழுந்து போக ஓர் இடம்கூட அவளுக்கு இல்லை. யாரிடம் சொல்லி அழுவது?

இயந்திரம் கொடுக்கும் கூட்டம் அன்றைக்கே, வாய்க்காலை ஒட்டிய திடலில். விரிப்பு அழுக்காகிவிடுமாம், கால் கழுவி வரச் சொல்லியிருந்தார்கள் கட்சித் தொண்டர்கள். அதே நிலக்காரரிடம் குத்தகைக்கு உழும் மற்றவர்கள் பளிச்சென்று வந்து பின்வரிசையில் உட்கார்ந்தார்கள். ஒத்தையாளுக்குக் கையிலிருந்த நாற்றுக் கட்டை நட்டு முடிக்கவே நேரம் சரியாகப் போயிற்று. வந்த காலோடு ஓரமாக நின்றாள். பக்கத்து வயல்காரிகூடப் புடவையை இழுத்துக்கொண்டு நகர்ந்தாள். இத்தனை பேர் நடுவில் அவளுக்கு வயலில் இருந்ததைவிடத் தனியாக இருந்தது.

தலைவர் மேடையில் முழங்கினார்: "சேற்றில் கால் வைக்கும் விவசாயியே, இந்த மேடை உன்னுடையது. ஏறி வா!"

இதெல்லாம் மேடையில் சொல்வதுதான். கைதட்டிவிட்டுச் சும்மா இருக்க வேண்டும் என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். கூட்டத்துக்கே வந்து பழகாதவளுக்கு எப்படித் தெரியும்? கூப்பிட்டார்கள், ஏறிவிட்டாள். வெள்ளை விரிப்பில் சேற்றுத் தடம் அவள் பின்னாலேயே வந்தது.

கூட்டம் சிரித்தது. பளபளக்கும் செருப்போடு மேடையில் இருந்த நிலக்காரர் எழுந்தார்.

"இறங்கு. உன்னை யாரு கூப்பிட்டா?"

"இவர்தாங்க கூப்பிட்டாரு."

"அவர் கூப்பிட்டது விவசாயியை."

"சேத்துல கால் வச்சவங்களைக் கூப்பிட்டாரு. உங்க காலைக் காட்டுங்க."

சிரிப்பு அடங்கிவிட்டது. தலைவர் குரலைத் தாழ்த்தினார். "அப்புறமா பேசிக்கலாம்மா."

"மெஷின் வேணாம்னு சொல்லலைங்க. நடறவங்க கையில குடுங்க. இவர்கிட்டக் குடுத்தா என்னை வயலை விட்டுப் போகச் சொல்றாரு."

கீழே பக்கத்து வயல்காரி எழுந்து நின்றாள். "உன்கிட்டயும் சொன்னாரா? என்கிட்ட, யார்கிட்டயும் மூச்சு விடாதேன்னாரு."

"எனக்கும் அதே கதைதான்" என்றார் பின்வரிசையில் இருந்த ஒரு நெட்டையர்.

பின்வரிசையில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் ராத்திரி தூங்காமல் கிடந்திருக்கிறார், தனக்கு மட்டும்தான் என்று நினைத்து. அடப்பாவமே, சுவருக்கு அந்தப் பக்கமும் அதே அழுகைதான்.

பக்கத்து வயல்காரி விறுவிறுவென்று வாய்க்காலுக்குப் போனாள். கழுவிய காலைச் சேற்றில் இறக்கி எடுத்துக்கொண்டு மேடைக்கு நடந்தாள். நெட்டையர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் போனார். பிறகு பின்வரிசையே எழுந்து வாய்க்காலுக்குப் போயிற்று.

"இப்ப எதுவும் உறுதியா சொல்ல முடியாது" என்றார் தலைவர். இயந்திரத்தின் சாவி அவர் கையிலேயே இருந்தது. நிலக்காரர் அதை வாங்கக் கையை நீட்டினார்; தலைவர் கொடுக்கவில்லை.

மேடையில் கால் வைக்க இடமில்லை. நெரிசலில் ஒத்தையாள் ஒரு பக்கம் சாய்ந்தாள். பக்கத்து வயல்காரி வந்து தோளோடு தோள் ஒட்டி நின்றாள்.

"சாயாம நில்லுடி" என்றாள்.