கேனில் வந்த யானை

எங்கள் தெரு முருகனின் மரயானை வாகனத்தைக் கரையான் அரித்துவிட்டது. போன கிருத்திகையன்று அதன் முன்கால் உடைந்து, தூக்கினவர்கள் மேலேயே சாமி சாய்ந்துவிட்டார். சாமியைச் சுமந்த மரத்தை எரிக்கவும் கூடாது, விற்கவும் கூடாது. ஓடுகிற தண்ணீரில்தான் விட வேண்டும். பாலாற்றிலோ மணலே பாதிதான் மிச்சம். ஆற்றில் தண்ணீர் வரும்வரை இருக்கட்டும் என்று யானையைத் தெரு நடுவில் நிறுத்திவிட்டார் கோயில் கமிட்டித் தலைவர் திருஞானசம்பந்தம். அவரும் தறிக்காரர்தான். அங்கேதான் பாவு இழுப்போம் என்று அவருக்குத் தெரியாதா?

மாட்டிக்கொண்டவள் மங்கையர்க்கரசி. ஊரார் கல்யாணத்துக்கெல்லாம் முகூர்த்தப் புடவை நெய்தவள், முதல்முறையாகத் தன் மகள் காயத்ரிக்கு நெய்ய இருந்தாள். தையில் கல்யாணம். பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் கஞ்சி போட்டால்தான் பாவு தறி ஏறும். இழுத்தால் யானை வயிற்றில் இடித்தது.

"கொஞ்சம் நவுத்துங்க மாமா."

"மழை வர்ட்டும்மா. ஆறு வந்தா தானா போய்டும்."

காயத்ரியின் சிநேகிதி கிரேஸ், ஓரிக்கைப் பக்கம் ஓர் ஆலையில் வேலை பார்க்கிறாள். வேலிகாத்தான் முள்மரத்தை வேகவைத்துச் சர்க்கரை எடுக்கிற ஆலை. "தண்ணிலதானே விடணும் ஆன்ட்டி? எங்க பாய்லர்ல விட்டா என்ன?" என்றாள்.

"மரத்துல ஏதும்மா சர்க்கரை?"

"இருக்குது. லிக்னின்னு ஒரு பசை அதைப் பிடிச்சுக்கினு இருக்குது. நீங்க பட்டு நூலை சோப்பு, சோடா போட்டு வேகவச்சு கோந்தை எடுக்கிறீங்க இல்ல, அதே மாதிரிதான். நீங்க கோந்தைக் கீழ ஊத்திடுவீங்க. நாங்க அந்த மரப்பசையையும் எடுத்து வச்சுக்குவோம். பிளைவுட் ஒட்ட ஆவும்."

"கொதிக்கிற தண்ணியும் ஓடுற தண்ணிதான்" என்று தீர்ப்பளித்தார் தலைவர். மேளதாளத்தோடு யானை போனது. அதைச் சில்லுகளாக்கி, அமிலம் கலந்த நீராவியில் வேகவைத்து, நொதி சேர்த்தார்கள். கடைசியில் கேன்களில் சர்க்கரைத் தண்ணீரும் மூட்டைகளில் லிக்னின் கறுப்புத் தூளும் நின்றன. மங்கையர்க்கரசி பாவு இழுக்க நூலை எடுத்து வைத்தாள்.

அப்போதுதான் தலைவர் கேட்டார். "முழுசா கரைஞ்சு போச்சாம்மா?"

கிரேஸ் பொய் சொல்லத் தெரியாத பெண். "கரைஞ்சு போகல சார், பிரிஞ்சிருக்குது. எடை போட்டுப் பார்த்தோம். யானைல ஒண்ணும் குறையல."

அவ்வளவுதான். குறையாத யானையை வெளியூரில் விட்டுவைக்கலாமா? கேன்களும் மூட்டைகளும் அதே மேளத்தோடு திரும்பி வந்து, அதே இடத்தில் உட்கார்ந்தன. சந்தனம் வைத்து மாலையும் போட்டார்கள். போதாக்குறைக்கு எறும்பு வேறு.

எதிர்வீட்டுக்காரி எனக்கே பற்றிக்கொண்டு வந்தது. மங்கையர்க்கரசி சத்தம் போடவில்லை. "யானை முழுசா இருக்குது இல்ல மாமா? அப்ப சாமியை ஏத்துங்க. நாளைக்குக் கிருத்திகைதானே."

மறுநாள் விடியும்போது முருகன் சர்க்கரைக் கேன்கள், மூட்டைகள்மேல் ஏறி ஊர்வலம் கிளம்பினார். தெருவே பின்னால் போனது. நான் போகவில்லை. காலியான தெருவில் பாவு இழுக்க ஆள் வேண்டுமே.

சாமி திரும்பியபோது, தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அரக்கு நிறப் பாவு கஞ்சி ஈரத்தோடு நின்றது. நாதஸ்வரம் பாதியில் அடங்கியது. "எடும்மா, சாமி வருதில்ல!" என்று யாரோ பின்னாலிருந்து கத்தினார்கள்.

திருஞானசம்பந்தம் குனிந்து பாவைப் பார்த்தார். அவர் கை தானாகவே அறுந்த இழை ஒன்றைத் தேடிப் பிடித்து முடிந்தது.

"இழுத்த பாவைத் தாண்டக் கூடாதுப்பா" என்றார். "காயட்டும். சாமி நிக்கட்டும்."

முருகன் கேன்மேல் நின்றார். மங்கையர்க்கரசி அழுதுகொண்டே கஞ்சியைத் தடவினாள்.