பழுது இல்லை

செல்லதுரை கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தபோது அழகேசனுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஐந்து வருடமாக அவன் காத்துக் கிடந்தது இந்த வரவுக்குத்தான். வந்தவனுடைய கையில் பெரிய அட்டைப்பெட்டி. முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"வாங்க சார்" என்றான் அழகேசன். ஒரு காலத்தில் வாடா போடா என்று ஒரே இலையில் பரோட்டா தின்றவர்கள். இப்போது மரியாதை கொடுத்து எட்ட நிறுத்துகிறார்களாம்.

அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருவரும் பங்கு சேர்ந்து கேம் சென்டர் நடத்தியவர்கள். அழகேசன் குலதெய்வம் கும்பிடப் போயிருந்த நாளாகப் பார்த்து, செல்லதுரை பாதி மெஷின்களை டெம்போவில் ஏற்றிப்போய் ஜெயங்கொண்டத்தில் தனிக்கடை போட்டுவிட்டான். போனவன் சும்மா போனானா? அழகேசன் வெறும் ஸ்க்ரூ திருப்புகிறவன், அவனை வைத்துக்கொண்டு வியாபாரம் பண்ண முடியாது என்று டீக்கடை டீக்கடையாகச் சொல்லிவிட்டுப் போனான். மெஷின் போனதைக்கூட அழகேசன் மறந்துவிட்டான். அந்தப் பேச்சு மட்டும் மறக்கவில்லை.

இன்று அந்த ஸ்க்ரூ திருப்புகிறவன்தான் இரண்டு ஊருக்கும் கம்பெனி அங்கீகரித்த ஒரே சர்வீஸ் ஆள். திருச்சியில் இருக்கும் கம்பெனி ஆபீஸிலிருந்து செல்லதுரைக்கு வந்து இறங்கியிருப்பது கேம் ஆடவென்றே செய்த லேப்டாப். வந்த ஏழு நாளுக்குள் பழுது என்று சர்வீஸ் ஆள் பாரத்தில் எழுதி, மாலை ஐந்து மணிக்குள் ஃபேக்ஸ் அனுப்பினால் மறுநாளே புதுசு கொடுப்பார்கள். தவறினால் சென்னைக்கு ரிப்பேருக்குப் போகும். எப்போது திரும்பி வரும் என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். இன்று ஏழாவது நாள், மணி இரண்டு. ஞாயிற்றுக்கிழமை செல்லதுரை கடையில் லீவு விட்ட பையன்களுக்கெல்லாம் போட்டி. இந்த லேப்டாப்பின் படத்தைப் போட்டு மீன்சுருட்டி வரைக்கும் நோட்டீஸ் ஒட்டியிருந்தான். செல்லதுரையின் குடுமி அழகேசன் கையில் வசமாகச் சிக்கியிருந்தது.

ஆடிக்கொண்டிருக்கும்போதே இரண்டு தடவை தானாக அணைந்துவிட்டது என்று சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான் செல்லதுரை.

அழகேசன் அவசரப்படவில்லை. திரை முழுக்கச் சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை என்று ஒவ்வொன்றாக நிரப்பிப் புள்ளி ஏதும் செத்திருக்கிறதா என்று பார்த்தான். ஒவ்வொரு பட்டனாகத் தட்டினான். பிறகு லேப்டாப்பின் விலாவில் காதை வைத்தான். உள்ளே இருந்த குட்டி ஃபேன் இழுத்து இழுத்துச் சுற்றியது. காற்றுப் போகும் ஓட்டையில் விரலை வைத்தான். சூடு தெரிந்தது, காற்று தெரியவில்லை. அவ்வளவுதான், நோய் பிடிபட்டுவிட்டது. சித்திரை வெயிலில் அரை மணி நேரம் ஆடினால் கொதித்து அணையத்தான் செய்யும். எழுதிக் கொடுக்க வேண்டியது ஒரே ஒரு வரி.

அந்த ஒரு வரியை எழுத அவனுக்கு மனசு வரவில்லை. நியாயமாகச் சொன்னால், மனசு வராதது அல்ல, வேறொன்று வந்துவிட்டது.

"உள்ள ஏசி ரூம்ல வச்சு ஓட்டிப் பாக்கணும். கம்பெனி ரூல்" என்றான்.

அப்படி ஒரு ரூலும் கிடையாது. உள்ளறையில் ஏசியைக் கடைசி வரை குறைத்து வைத்தான். லேப்டாப்பின் அடியில் இரண்டு ரப்பர் துண்டுகளை முட்டுக் கொடுத்து, குளிர்காற்று உள்ளே போக வழி பண்ணினான். கார் ரேஸ் ஒன்றைப் போட்டுவிட்டு, நீங்களே ஆடுங்கள் என்று செல்லதுரையை உட்கார வைத்தான். அரை மணி போனது. முக்கால் மணி போனது. அந்தக் குளிரில் வண்டி மாடே வியர்க்காமல் மலை ஏறும், லேப்டாப் எங்கே அணையப்போகிறது? ஒரு மணி நேரம் கார் ஓடிக்கொண்டே இருந்தது.

செல்லதுரை குழம்பிப்போனான். தன் கடையில் நின்றதே என்றான். கடைக் கரண்ட்டில் கோளாறு இருக்கும், ஒயரிங்கைப் பார்க்கச் சொல்லுங்கள் என்றான் அழகேசன். பழுதோ இல்லையோ, திருச்சிக்கு அனுப்பியே ஆக வேண்டிய அந்தப் பாரத்தில் 'பழுது இல்லை' என்று எழுதி, முத்திரை குத்தி, கையெழுத்துக்கு நீட்டினான். எங்கே படித்துவிட்டுச் சண்டைக்கு வருவானோ என்று பார்த்தான். அதற்குத் தயாராகத்தான் இருந்தான்.

செல்லதுரை படிக்காமலே கையெழுத்துப் போட்டான்.

"உன் மூஞ்சியப் பாக்கவே எனக்குப் புடிக்கல. இந்தக் கடைப் படியேறுனதே கேவலமா இருக்கு" என்றான், பெட்டியைக் கட்டிக்கொண்டே. "ஆனா மெஷின் விஷயத்துல நீ சொன்னா சொன்னதுதான். வேற எவன் சொல்லியிருந்தாலும் திருச்சிக்கே தூக்கிட்டுப் போயிருப்பேன்."

நன்றி சொல்லவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. ஜெயங்கொண்டம் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டான்.

அழகேசன் ஃபேக்ஸ் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தான். இந்த ஊரில் எத்தனையோ பேர் அவனை அண்ணன் என்கிறார்கள், டீ வாங்கித் தருகிறார்கள். பில்லை நீட்டினால் மட்டும் நாலு கடையில் விசாரித்துவிட்டுத்தான் வருவார்கள். அவன் வார்த்தையைச் சோதிக்காமல் எடுத்துக்கொண்டவன் இந்த ஒருத்தன்தான். அவனைத்தான் ஏமாற்றியிருக்கிறோம் என்று நினைத்தபோது அழகேசனுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இதைப் போய் இன்றைக்கா சொல்ல வேண்டும், சண்டாளன்.

மணி நாலு. பாரத்தில் அடித்துவிட்டுப் 'பழுது' என்று எழுதினால் கம்பெனியில் யாரும் ஏன் என்று கேட்கப்போவதில்லை. அடித்த இடத்தில் செல்லதுரையின் கையெழுத்து மட்டும் வேண்டும். அதற்கு அவனைத் திரும்ப வரவழைத்து, காரணத்தைச் சொல்ல வேண்டும். கால் மணி நேரம் பாரத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு செல்லதுரையின் செல்லுக்குப் போன் போட்டான். எடுத்ததும் பஸ் இரைச்சல் கேட்டது.

"என்ன, பாரத்த அனுப்பிட்டியா?" என்றான் செல்லதுரை.

"அனுப்பிட்டேன்" என்றான் அழகேசன்.

போனை வைத்தான். எழுதியதில் ஒரு எழுத்தையும் மாற்றாமல், மெஷினுக்கு வேண்டியபடி பாரத்தைக் குப்புறத் திருப்பிச் செருகி, திருச்சி நம்பரை அழுத்தினான்.