வயிற்றில் ஒட்டிய பிளாஸ்டிக்

வயிற்றுக் கட்டைப் பிரிக்கும் முன்பே ஜினிஷாவுக்கு நாற்றம் வந்துவிட்டது. அப்பா வைகுண்டராஜன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

அவருக்கு இதயம் ஓய்ந்துபோய், ரப்பர் தோட்டத்தை விற்று, திருவனந்தபுரத்தில் ரத்தத்தைத் தள்ள நெஞ்சுக்குள் பம்பு வைத்து மூன்று வருடம் ஆகிறது. பம்புக்குக் கரண்டு போகிற வயர் வயிற்றுத் துளை வழியாக வெளியே வந்து, இடுப்புப் பையிலிருக்கும் பேட்டரியில் சேர்கிறது. அந்தத் துளை நனையக்கூடாது. தினமும் கட்டு மாற்றுவதற்காகவே கிடைத்த வேலையை விட்டவள் அவள். போன வாரம் அவள் காய்ச்சலில் படுத்துவிட, தானே கட்டிக்கொள்வதாக அப்பா சொன்னார். நம்பித் தொலைத்தாள்.

துளையைச் சுற்றித் தோல் கொப்பளித்து உரிந்திருந்தது. ஓரமெல்லாம் கறுப்புப் பசை. லேசாகத் தொட்டதும் சீழ் வந்தது. மழைக்காலத்தில் ரப்பர் மரத்தின் வெட்டில் தண்ணீர் இறங்காமல் பிளாஸ்டிக் ஒட்டுவார்களே, அந்தப் பசை. காலமெல்லாம் மரத்துக்குச் செய்ததை மனிதர் தன் வயிற்றுக்கும் செய்து, கிணற்றடியில் குளித்திருக்கிறார்.

"ஒரு சொட்டு வெள்ளம் உள்ள போவல்ல மக்கா. நல்லாத்தான் ஒட்டுனேன்."

"மரத்துக்கு வேர்க்காது. ஒங்களுக்கு வேர்க்கும்லா? உள்ளயே போட்டு அவிச்சு வச்சிருக்கியோ."

குளிக்காமல் அய்யாவழிக் கோயிலான நிழல்தாங்கலுக்குள் நுழைய முடியாது. ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துவிட்டுப் போனவரை, அங்கே பணிவிடை செய்யும் ரதீஷ் எல்லாரும் பார்க்க வாசலில் நிறுத்தியிருக்கிறான். அதை வீட்டில் சொல்ல வெட்கப்பட்டுத்தான் பசை ஒட்டிக் குளித்ததாக இப்போதுதான் சொன்னார்.

ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்றார். முன்பு குடலில் ரத்தம் கசிந்து மலம் கறுத்தபோது போனவர், மாதக்கணக்கில் அங்கேயே கிடந்தார். இனிப் போனால் திரும்பமாட்டோமென்று பயம். சீழ் வயர் வழியே பம்பு வரைக்கும் ஏறினால் மருந்துக்குக் கேட்காது, பம்பையே மாற்ற வேண்டிவரும் என்று அவள் ஒளிக்காமல் சொன்னாள்.

"அதுக்கு ஒடம்பு தாங்குமான்னு தெரியாது. இப்பம் போனா மருந்துல நிக்கும்." கொஞ்சம் பொறுத்து, "நிக்கலாம்" என்றாள்.

அவர் சட்டையைக் கேட்டார்.

பக்கத்தில் ரதீஷிடம்தான் கார் இருந்தது. அவனையே கூப்பிட்டு, புண்ணைத் திறந்து காட்டினாள்.

"எனக்குத் தெரியாதுக்கா."

"இப்பம் தெரிஞ்சுல்லா. வண்டிய எடு."

வழியில் தாங்கல் வந்ததும் அவன் வேகத்தைக் குறைத்து, கும்பிட நிறுத்தட்டுமா என்பதுபோல் கண்ணாடியில் அவளைப் பார்த்தான். நிறுத்தாதே என்று கையை ஆட்டினாள். அப்பா சண்டைக்கு வருவாரென்றுதான் நினைத்தாள். அவர் தாங்கலைக் கவனிக்கவே இல்லை. தலை அவள் தோளில் சரிந்து கிடந்தது, நெற்றி கொதித்தது. பம்பு ஓடுகிறவருக்கு நாடியும் சரியாகப் பிடிபடாது. குனிந்து நெஞ்சில் காதை வைத்தாள். மோட்டார் இரைந்துகொண்டிருந்தது.

"வேகமா சவிட்டுலே" என்றாள் ரதீஷிடம், காதை எடுக்காமலே.